பெருங்குடற் புற்றுநோயை அறிதல்

கந்தளாய்க் குளத்தின் பெயரைக் கேளாதவர் கிழக்கு மாகாணத்தில் இலர். குளக்கோட்டன் திருப்பணியோடு சேர்த்துத் தமிழ் மரபு போற்றி வரும் குளம் அது. பல்லாயிரம் ஏக்கர் வயல்களுக்கு நீரூட்டிப் பல தலைமுறைகளை வாழவைத்த குளமும் அதுவே. 1986 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 20 ஆந் திகதி, பொழுது விடியுமுன், அக்குளத்தின் கட்டு உடைந்தது. உறக்கத்திலிருந்த ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. வீடுகளும் வயல்களும் மண்மேடாயின. அந்த இரவைக் கண்டவர்கள் இன்றும் அதனை மறந்திலர்.

மண்ணாற் கட்டிய அணைக்கு ஓர் இயல்பு உண்டு. அதற்கு வருங் கேடு பல வேளைகளில் வெளியே பெரிதாகத் தோன்றுவதில்லை. கட்டின் உள்ளே நீர் மயிரிழை போன்ற வழியொன்றைக் கண்டுபிடிக்கும். மண்ணைச் சிறிது சிறிதாக அரிக்கும். அடிவாரத்தில் ஓரிடம் ஈரமாக ஊறும். அந்த ஈரத்தைக் கண்டவன் “மழை நீராக்கும்” என்று சொல்லிக் கடந்து போகலாம். அல்லது மண்வெட்டியை வைத்துவிட்டு ஓடிச்சென்று உரியவரிடம் அறிவிக்கலாம். ஊர் பிழைப்பதும் பிழையாததும் அவன் செய்வதைப் பொறுத்தன.

பெருங்குடலில் உண்டாகும் புற்றுநோயும் இத்தன்மையதே. அது ஒரே நாளில் வருவதன்று. பல ஆண்டுகளாக ஓசையின்றி வளர்வது. வளருங்காலத்திற் சிறு கசிவொன்றைக் காட்டுவது. அக்கசிவைக் கண்டு உடனே ஆராய்ந்தவர்களிற் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கின்றனர். கண்டும் காணாதிருந்தவர்களுக்கு வைத்தியர் செய்யத்தக்கது நாளுக்கு நாள் குறைந்து போகின்றது. இந்நோயைப் பற்றி அறியவேண்டியவற்றுள் முதன்மையானது இதுவே.

உண்ட உணவு இரைப்பையிலும் சிறுகுடலிலும் செரித்து, அதன் சத்து இரத்தத்திற் கலக்கின்றது. எஞ்சிய நீர்த்த பொருள் பெருங்குடலை அடைகின்றது. பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளமுடையது. வயிற்றின் வலப்பக்கத்துக் கீழ்மூலையில் தொடங்கி மேல்நோக்கி ஏறி, குறுக்கே இடப்பக்கம் சென்று, பின் கீழ்நோக்கி இறங்கி, வளைந்து நேர்குடலோடு சேர்ந்து குதத்தில் முடிகின்றது. வயிற்றினுள் ஒரு கதவுநிலை போல அது அமைந்திருக்கின்றது எனலாம். நீரை உறிஞ்சி எடுப்பதும், கழிவை இறுக்கி வெளியேற்றும் வரை வைத்திருப்பதும் அதன் தொழில். வலப்பக்கத்திற் குழம்பு போல இருப்பது இடப்பக்கத்தை அடையும்போது கெட்டியாகிவிடுகின்றது. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்தல் நன்று; நோயின் அறிகுறிகளை விளங்கிக்கொள்ள இது உதவும்.

குடலின் உட்புறத்தை ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கின்றது. அத்தோலின் கலங்கள் ஒரு வாரத்துக்கும் குறைந்த காலத்தில் தேய்ந்து உதிர, அவற்றின் இடத்தைப் புதிய கலங்கள் நிரப்புகின்றன. இவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கப்படும் இடத்திற் பிழை நேர்வதற்கும் இடமுண்டு. கலத்தின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்று பழுதுபடுமாயின், அக்கலம் நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது பெருகுகின்றது. குடற்சுவரிற் காளான் மொட்டுப் போல ஒரு சிறு தசை முளைக்கின்றது. இதனைப் பொலிப்பு என்பர். ஐம்பது வயதைத் தாண்டியோர் பலரிடம் இத்தகைய முளைகள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை ஆயுள் முழுவதும் தீங்கு செய்வதில்லை. ஆனாற் சில, ஒன்றன்பின் ஒன்றாக மேலும் சில மரபணுக்கள் பழுதுபடப் புற்றுநோயாக மாறுகின்றன. படிப்படியான இம்மாற்றத்தை அமெரிக்க ஆய்வாளர் பேட் வோகல்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 1988 ஆம் ஆண்டளவில் விளக்கிக் காட்டினர். முளை தோன்றிப் புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டளவு செல்கின்றது. இந்தப் பத்தாண்டுதான் மனிதனுக்குக் கிடைத்திருக்கும் தவணை.

இனி, நோய் காட்டும் அடையாளங்கள் யாவை? இடப்பக்கத்துக் குடலில் மலம் கெட்டியாக இருப்பதால், அங்கு வளருங் கட்டி வழியை நெருக்குகின்றது. சில வாரங்களாகத் தொடரும் மலச்சிக்கல், அல்லது மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறிமாறி வருதல், மலம் மெலிந்து நாடா போலப் போதல், போன பின்னும் முற்றாகப் போகவில்லை என்ற உணர்ச்சி, மலத்தோடு இரத்தமும் சளியும் காணப்படுதல் ஆகியவை அங்குள்ள நோயின் அறிகுறிகள். வலப்பக்கத்திலோ வழி அகன்றது. உள்ளிருப்பது குழம்பு போன்றது. ஆதலாற் கட்டி பெரிதாகும் வரை தடை தோன்றாது. அங்கே கசியும் இரத்தம் மலத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகின்றது. நோயாளி காண்பது களைப்பு, மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல் என்பனவே. இரத்தச் சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து முடித்துவிடலாகாத சோகை இது. நடுவயதைக் கடந்த ஆண்மகனுக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்புச்சத்துக் குறைந்து சோகை வருமாயின், இரத்தம் எங்கே போகின்றது என்று குடலைத் தேடிப் பார்த்தல் வைத்திய ஒழுங்கு.

கந்தளாயிலே பேராற்றுப் பக்கம் வயல் செய்யும் ஒருவரைக் கற்பனையாக எண்ணிக்கொள்ளலாம். அவருக்கு வயது ஐம்பத்தாறு. பெரும்போக விதைப்பு நடக்குங் காலத்தில் ஒருநாட் காலை மலத்தோடு இரத்தம் போவதைக் காண்கின்றார். “மூலந்தான் பிள்ளை, உடம்புச் சூடு. பயப்பட ஒன்றுமில்லை” என்று மகளுக்குச் சொல்கின்றார். கருணைக்கிழங்கு சமைத்து உண்கின்றார். துத்தியிலை அரைத்துக் கட்டுகின்றார். இரத்தம் சில நாள் நிற்கின்றது. மருந்து பலித்தது என்று மனம் ஆறுகின்றது. மீண்டும் இரத்தம் வரும்போது அறுவடை. அறுவடை முடிந்தாற் கடன் அடைக்கவேண்டும். பின்னர் சிறுபோகம். இவ்வாறு இரு போகங்கள் கடந்து, உடல் மெலிந்து, வயிறு உப்பி, வாந்தியும் தொடங்கிய பின்னரே அவர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படுகின்றார்.

இம்மனிதரை அறியாதவர் என்று பழிப்பது முறையன்று. அவர் செய்த ஊகம் பெரும்பாலான வேளைகளிற் சரியானதே. மலத்தோடு இரத்தம் போகும் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால், பலருக்கு மூலமோ குத வெடிப்போதான் காரணமாயிருக்கும். ஆனால் எவருக்கு மூலம், எவருக்குப் புற்று என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. மூலம் உள்ளவருக்கே புற்றும் சேர்ந்திருக்கலாம். இரத்தம் நின்றுபோவதும் நோய் இல்லை என்பதற்குச் சான்றன்று. கட்டி இடையிட்டே கசியும். ஆதலின், “இது மூலமாயிருக்கும்” என்பது நோயாளி சொல்லத்தக்க முடிவன்று. வைத்தியர் பரிசோதித்த பின்னர் சொல்லவேண்டிய முடிவு.

தாமதத்துக்கு மற்றுமொரு காரணம் கூச்சம். மலங் கழித்தலைப் பற்றிப் பெற்ற பிள்ளையிடமும் பேச மாட்டாதவர் பலர். வைத்தியர் கையுறை அணிந்த விரலாற் குதத்தைச் சோதிப்பார் என்ற எண்ணமே அவர்களை வீட்டில் நிறுத்திவிடுகின்றது. ஒரு நிமிடத்தில் முடியும் அச்சோதனை நேர்குடற் கட்டிகள் பலவற்றை விரலுக்கே காட்டிக் கொடுத்துவிடும். உடலின் உறுப்புகளைப் பற்றித் தமிழிற் பேசுவது புதிய வழக்கமும் அன்று. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் வெளியிட்டார். சொல் அன்றே பிறந்துவிட்டது. துணிவுதான் இன்னும் குறைவாயிருக்கின்றது.

நோயைக் கண்டறியும் முறைகள் இரண்டு வகையின. முதலாவது, மலத்திற் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டோ என்று பார்த்தல். குவையக்கம் என்னும் மரத்தின் பிசின் இரத்தம் பட்டால் நீலநிறமாவது 19 ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. அப்பிசின் தடவிய தாளைக் கொண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 46,000 க்கு மேற்பட்டோரை ஆராய்ந்தனர். ஆண்டுதோறும் இச்சோதனை செய்துகொண்டவர்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்தது என்று 1993 இல் அறிவித்தனர். இன்று அதனினும் நுட்பமான, மனித இரத்தத்தை மட்டுமே காட்டும் சோதனை வழக்கிலுள்ளது. அதற்கு உணவுக் கட்டுப்பாடு வேண்டியதில்லை. சில நாடுகளில் குறித்த வயதை அடைந்தவர்களின் வீட்டுக்கு இச்சோதனைப் பொதியைத் தபாலிலேயே அனுப்புகின்றனர்.

இரண்டாவது, குடலின் உள்ளே பார்த்தல். விரலளவு பருமனுள்ள, வளையக்கூடிய குழாயொன்றைக் குதத்தின் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் வைத்தியர் பார்க்கின்றார். இதனைக் குடல் அகநோக்கல் என்பர். முதல்நாள் பேதி மருந்து அருந்திக் குடலைச் சுத்தமாக்கிக்கொள்ள வேண்டும்; பலரும் வெறுப்பது சோதனையை அன்று, இந்த மருந்தையே. சோதனை பெரும்பாலும் அரை மணி நேரத்தளவில் முடிந்துவிடும். மயக்கம் தரும் ஊசியும் உண்டு. 1969 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்தில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் வைத்தியர் இருவர் இக்குழாயின் வழியே ஒரு கம்பிச் சுருக்கைச் செலுத்தி, பொலிப்பை வயிற்றைக் கீறாமலே அறுத்தெடுக்கும் முறையை நிறுவினர். இதன் சிறப்பைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றப் பல புற்றுநோய்களிற் சோதனை நோயைக் கண்டறிவதோடு நின்றுவிடும். இங்கோ முளையை அறுத்தெறியும்போது, வரவிருந்த புற்றுநோயே வராமற் போகின்றது. கட்டிலே கசிவைக் கண்டவன் அங்கேயே அதனை அடைத்துவிட்டதற்கு இது ஒப்பாகும்.

புற்று உண்டாகிவிட்டால் அது எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதே அடுத்த கேள்வி. 1932 இல் லண்டன் புனித மார்க் வைத்தியசாலையில் கத்பட் டியூக்ஸ் என்பவர் இதற்கு ஓர் எளிய வகுப்பை ஏற்படுத்தினார். குடற்சுவருக்குள் அடங்கியது, சுவரைக் கடந்தது, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்களை அடைந்தது என்பன அவர் வகுத்த படிகள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியது என்ற படி பின்னர் சேர்ந்தது. குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் ஈரலுக்கே செல்வதால் இந்நோய் பரவும்போது பெரும்பாலும் ஈரலையே முதலிற் பற்றுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கணக்குகளின்படி, நோய் குடலளவில் நிற்கும்போது கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 90 பேரளவில் ஐந்து ஆண்டின் பின்னும் உயிர் வாழ்கின்றனர். தொலைவிடங்களுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் அவ்வாறு வாழ்பவர் நூற்றுக்கு 15 பேரளவே. நோய் ஒன்றே; மருந்தும் ஒன்றே; காலமே வேறு. கற்பனையிற் கண்ட விவசாயி கடத்திவிட்ட இரு போகங்களின் விலை இந்த எண்களில் இருக்கின்றது.

சிகிச்சையில் முதலிடம் சத்திரசிகிச்சைக்கே. கட்டியுள்ள குடற்பகுதியையும் அதனோடு சேர்ந்த நிணநீர் முடிச்சுக்களையும் அகற்றி, எஞ்சிய இரு முனைகளையும் இணைத்துவிடுகின்றனர். ஆரம்ப நிலையில் இதுவே போதும். முடிச்சுக்களுக்குப் பரவியிருந்தால், கண்ணுக்குத் தெரியாது எஞ்சியிருக்கக்கூடிய கலங்களை அழிக்க மருந்து கொடுக்கின்றனர். 1957 இல் சார்ள்ஸ் ஹைடல்பெர்கர் அறிமுகப்படுத்திய புளுரோயூறசில் இன்றும் அம்மருந்துகளின் அடிப்படையாக விளங்குகின்றது. நேர்குடற் புற்றுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்பே கதிர்வீச்சுச் சிகிச்சை செய்வதும் உண்டு.

குதத்துக்கு மிக அருகிற் கட்டி இருக்குமாயின், சிலவேளை வயிற்றில் ஒரு வாய் அமைத்து, மலம் ஒரு பையிற் சேரும்படி செய்ய நேரிடும். இச்செய்தியைக் கேட்டுச் சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று வீடு திரும்புவோரும் உளர். அவர்கள் அறியவேண்டியவை சில உண்டு. இவ்வாய் பலருக்குச் சில மாதங்களுக்கு மட்டுமே. புண் ஆறியபின் மூடிவிடலாம். நிரந்தரமாக வைத்திருக்க நேர்ந்தவர்களும் பையை உடையின் கீழே மறைத்து அணிந்து, வயலுக்குச் செல்கின்றனர், கந்தோருக்குச் செல்கின்றனர், பிரயாணம் செய்கின்றனர். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ செல்வதற்கும் அது தடையாகவேண்டியதில்லை. தூய்மையைப் பேணும் முறையைத் தாதியர் கற்றுக்கொடுப்பர். அவமானம் என்று கருதி உயிரை இழப்பதிலும், ஒரு பையோடு பேரப்பிள்ளைகளைக் காண்பது மேலன்றோ?

இந்நோய் ஏன் வருகின்றது என்பதற்கு ஒரே விடை இல்லை. வயது முதலாவது காரணம். உணவும் வாழ்க்கை முறையும் அடுத்தன. உகண்டாவிற் பணியாற்றிய அயர்லாந்துச் சத்திரவைத்தியர் டெனிஸ் பர்க்கிற், ஆபிரிக்கக் கிராமத்தவரிடையே குடற்புற்று அரிதாயிருப்பதையும், அவர்கள் நார்ப்பொருள் மிகுந்த உணவை உண்பதையும் 1971 இல் இணைத்துக் காட்டினார். 2015 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பதப்படுத்திய இறைச்சி குடற்புற்றை உண்டாக்குகின்றது என்று முடிவு கூறிற்று. நாளொன்றுக்கு 50 கிராம் உண்பதால் ஆபத்து ஏறக்குறைய 18 சதவீதம் உயர்கின்றது என்பது அதன் கணிப்பு. மதுவும் புகையிலையும் ஆபத்தைக் கூட்டுவன. உடற்பருமனும், நாள் முழுதும் அமர்ந்திருத்தலும் அவ்வாறே.

இவற்றை நோக்கும்போது, கந்தளாயின் பழைய உணவு எவ்வளவு நல்லது என்பது விளங்கும். தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு, குரக்கன், பயறு, குளத்து மீன், வல்லாரைச் சம்பல், முருங்கையிலை, பொன்னாங்காணி என்பன வேலியோரத்திலும் வயலோரத்திலும் கிடைத்தவை. இன்று வெள்ளையரிசியும், எண்ணெயிற் பொரித்தவையும், சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியும் சந்திக் கடைகளிற் பெருகியுள்ளன. வயலில் மண்வெட்டி பிடித்த கை உழவு யந்திரத்தின் சுக்கானைப் பிடிக்கின்றது. ஆயினும் உணவினால் மட்டும் நோயை முற்றாகத் தடுத்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. கீரை உண்டவருக்கும் நோய் வருதல் கூடும். வந்தபோது அது அவருடைய குற்றமன்று.

மரபும் ஒரு காரணமே. 1895 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து நோயியல் அறிஞர் ஆல்ட்ரட் வார்தினிடம், அவர் வீட்டுக்குத் தையல் வேலை செய்த பெண் ஒருத்தி, தன் குடும்பத்தினர் பலர் புற்றுநோயால் இறந்தனர் என்றும், தானும் அவ்வாறே இறப்பாள் என்றும் கூறினாள். அவள் அஞ்சியபடியே நடந்தது. வார்தின் அக்குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913 இல் வெளியிட்டார். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் என்னும் வைத்தியர் இதனை விரிவாக ஆராய்ந்தமையால், பரம்பரையாக வரும் அவ்வகைக்கு அவர் பெயரே வழங்குகின்றது. ஒரு தையற்காரியின் கவலையிலிருந்து பிறந்த அறிவு இன்று பல குடும்பங்களைக் காக்கின்றது. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருந்தால், நாற்பது வயதிலேயே, அல்லது அவர்களுக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாகவே, குடலைச் சோதித்துக்கொள்ளுமாறு வைத்தியர் கூறுகின்றனர். அவ்விவசாயியின் மகள் தந்தையைப் பராமரிப்பதோடு, தன்னைப் பற்றியும் வைத்தியரிடம் கேட்கவேண்டியவள் ஆவாள்.

2022 ஆம் ஆண்டில் உலகில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் பெருங்குடலிலும் நேர்குடலிலும் புற்றுநோய் புதிதாகக் காணப்பட்டது. 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். இலங்கையிலும் ஆண், பெண் இருபாலாரிடத்தும் முன்னணியிலுள்ள புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று. உதைபந்தாட்ட வீரர் பெலே 2022 டிசெம்பரில், 82 ஆவது வயதில், இந்நோயால் மறைந்தார். அமெரிக்க நடிகர் சட்விக் போஸ்மன் 2020 இல் மறைந்தபோது அவருக்கு வயது 43 மட்டுமே. இளைஞரிடையேயும் நோய் கூடி வருவதைக் கண்டு, 2021 இல் அமெரிக்க அறிஞர் குழு, சோதனை தொடங்கும் வயதை 50 இலிருந்து 45 ஆகக் குறைத்தது. இளம் வயதினர் என்பதால் இரத்தப்போக்கை அலட்சியம் செய்வதும் ஆகாது.

கந்தளாயில் வாழ்பவர் இதற்கெனத் தொலைதூரம் செல்லவேண்டும் என்று மலைக்க வேண்டியதில்லை. முதற்படி கந்தளாய் ஆதார வைத்தியசாலையிலேயே உள்ளது. அங்குள்ள வைத்தியரிடம் உண்மையை மறையாது சொல்லுதலும், இரத்தச் சோதனை செய்துகொள்ளுதலும் அம்முதற்படி. வேண்டுமாயின் அவர் கடிதம் கொடுத்து, ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு அனுப்புவார். நோய் உறுதியானால் மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலை இருக்கின்றது. வடக்கே தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கின்றது. 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் கால்நடையாகச் சென்று திரட்டிய நிதியினால் எழுந்தது அது. இவை அரச வைத்தியசாலைகள் ஆதலாற் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பயணச் செலவும், இழந்த நாட்கூலியும் ஏழைக்குப் பாரமே என்பது மெய். ஆயினும் முற்றிய நோய்க்குச் செலவிடும் பணமும் காலமும் அதனினும் பன்மடங்கு என்பதும் மெய்.

மூன்று வாரங்களுக்கு மேல் மலம் போகும் வழக்கம் மாறியிருந்தாலும், மலத்தோடு ஒரு முறையேனும் இரத்தம் போனாலும், காரணமின்றிக் களைப்பும் சோகையும் மெலிவும் தோன்றினாலும், அறுவடை முடியட்டும் என்று காத்திராமல் வைத்தியரிடம் செல்லவேண்டும். சென்றவர்களிற் பெரும்பாலோர் “மூலந்தான்” என்ற நற்செய்தியோடு திரும்புவர். அவர்களுக்கு இழப்பு அரைநாட் கூலி மட்டுமே. எஞ்சிய சிலருக்கோ கிடைப்பது உயிர்.

கந்தளாயில் ஒரு தலைமுறை, விடியுமுன் வந்த வெள்ளத்தைக் கண்டது. குளக்கட்டின் அடியில் ஈரம் கண்டால் வாளாவிருத்தல் ஆகாது என்பதை அவ்வூரார்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தம் உடலாகிய கட்டிலும் அதே விழிப்போடு இருத்தலே அவர்கள் செய்யவேண்டியது.